தன்னைத் தான் வினவாத கல்வி

தெல்தெனியவுக்கு வடக்கே எழுந்து நிற்கும் மலைத்தொடருக்கு ஆங்கிலேயர் ‘நக்கிள்ஸ்’ எனப் பெயரிட்டனர். தொலைவிலிருந்து நோக்குங்கால் அதன் சிகரங்கள் பொத்திய கையின் விரல்மொளிகளைப் போலத் தோன்றியமையே அப்பெயருக்குக் காரணமாகும். அம்மலைகளை அன்றாடம் கண்டு வளர்ந்து, மருத்துவ பீடத்திற் புகுந்து, உடற்கூற்றியலைப் பயின்று முடித்த மாணவன் ஒருவனிடம், பொத்திய கையிற் புடைத்து நிற்கும் அம்மொளிகள் எந்த என்பின் எந்த முனை என்று வினவினால் என்ன நிகழும்? வளர்ந்த மனிதனின் என்புகள் 206 என்பதை அவன் தயக்கமின்றிச் சொல்வான். மணிக்கட்டென்புகள் எட்டின் பெயரையும் வரிசை பிறழாது ஒப்புவிப்பான். ஆயினும் தன் கையையே நோக்கி எழுந்த இவ்வினாவுக்கு, விரலென்புகளின் அடிமுனை என்று பிழையான விடை கூறுவதற்கே இடமுண்டு. அவை உண்மையில் உள்ளங்கையினுள் அமைந்த அனுமணிக்கட்டென்புகளின் தலைகள். நூலில் இச்செய்தி இருந்தது. அவன் அதனைப் படித்தும் இருந்தான். எனினும் அதனைத் தன்னிடம் ஒருமுறையேனும் கேட்டுக்கொண்டானல்லன்.

என்பும் தசையும் பற்றிய கல்வியில் நேரும் பெருங்குறை இதுவேயாகும். படித்தல் என்பது கற்றலாகக் கொள்ளப்படுகிறது. கண்ணுக்குப் பழகிய பக்கம் அறிவாக மயங்கப்படுகிறது. வினாவோ பரீட்சகனுக்கு மட்டும் உரிய ஆயுதமாக ஒதுக்கப்படுகிறது. தன்னைத் தான் வினவிக் கற்காதவன் உடற்கூற்றியலைக் கற்றவனாகான் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது. இது வெறுமனே புள்ளி பெறும் உபாயம் பற்றிய பேச்சன்று. நோயாளியின் கை காலோடு தொடர்புடைய பேச்சு.

தெல்தெனிய வைத்தியசாலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி வருகிறாள் எனக் கொள்வோம். “பெருவிரல் அடியில நோவுது ஐயா, கூடையத் தூக்க ஏலாது” என்கிறாள். அவள் காட்டும் இடம் மிகச் சிறியது. பெருவிரலை நன்கு விரித்து உயர்த்தினால் மணிக்கட்டின் ஆரைப்பக்கத்திலே ஒரு குழி தோன்றும். அக்காலத்து ஐரோப்பியர் மூக்குப்பொடியை அதிலிட்டு உறிஞ்சியமையால் அதற்குப் பொடிக்குழி என்றே பெயர் வந்தது. குழியின் முன்கரையிற் பெருவிரலை விலக்கும் நெடுந்தசையின் நாணும் அதனை நீட்டும் குறுந்தசையின் நாணும் ஒன்றாய்ச் செல்கின்றன. பின்கரையில் நீட்டும் நெடுந்தசையின் நாண் ஓடுகிறது. குழியின் தளமாகப் படகு போன்ற வடிவுடைய படகென்பு கிடக்கிறது. ஆரைநாடி அதனூடே கடந்து போகிறது.

நாள் முழுதும் பெருவிரலாற் கிள்ளிக் கிள்ளி முன்கரை நாண்களின் உறை அழற்சியுற்றிருக்கலாம். சுவிற்சர்லாந்து மருத்துவரான டி குவர்வெயின் 1895ஆம் ஆண்டில் விவரித்த நோய் இது. அன்றி, மழையில் வழுக்கும் சரிவிலே கையூன்றி விழுந்து படகென்பு முறிந்திருக்கவுங் கூடும். முன்னையது ஓய்வுக்கும் மருந்துக்கும் பெரும்பாலும் அடங்கும். பின்னையதோ முதல் நாள் எக்ஸ்கதிர்ப் படத்தில் தோன்றாமலே ஒளிந்திருக்க வல்லது. படகென்பின் முழங்கைப்பக்கத் துண்டுக்குக் குருதி பெரிதும் விரற்பக்கத்திலிருந்து பின்னோக்கியே வருகிறது. ஆதலால் முறிவைக் கவனியாது விட்டால் அத்துண்டு குருதியின்றி மடியவும், அவள் மணிக்கட்டு என்றென்றும் வலுவிழக்கவும் நேரும். நெருக்கம் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில், அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அச்சில கணங்களில், குழியின் கரையெது, தளமெது, குருதி எத்திசையால் வருகிறது என்ற மூன்றும் மருத்துவனின் நினைவில் தாமாக எழ வேண்டும். நூலைப் புரட்டிப் பார்க்க அங்கே அவகாசமில்லை.

அவ்வாறு எழுவதற்கு அவன் பயிற்றப்பட்டிருக்கின்றானா? மாணவர் விடுதிகளில் நள்ளிரவு வரை விளக்கெரிகிறது, உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவ்வுழைப்பு எவ்வகையது? ஒரே பக்கம் நான்கு முறை வாசிக்கப்படுகிறது. மஞ்சள் மையால் வரிகள் பூசப்படுகின்றன. முதலிற் சில வரிகள், ஈற்றிற் பக்கம் முழுவதுமே மஞ்சளாகிறது. முன்னைய அணியினரின் குறிப்புகள் படியெடுக்கப்பட்டு, அப்படி மீண்டும் படியெடுக்கப்படுகிறது. இன்று கைப்பேசித் திரையிலே முப்பரிமாண உடல் சுழல்கிறது. விரலால் தொட்டால் தசை விலகி என்பு தெரிகிறது. கருவி புதியது, பழக்கம் பழையதே. பார்த்துக்கொண்டே இருப்பவன், வாசித்துக்கொண்டே இருப்பவனைக் காட்டிலும் மேலானவன் அல்லன்.

இதனால் விளையும் மயக்கத்தை விளக்கத் தெல்தெனியவே தக்க சான்றாகும். பழைய தெல்தெனிய நகரம் மகாவலியின் குறுக்கே கட்டப்பட்ட விக்டோரியா அணையின் நீருள் மூழ்கியது. 1985ஆம் ஆண்டில் அணை திறந்துவைக்கப்பட்டது. மக்கள் மேட்டிலே அமைந்த புதிய நகருக்குக் குடிபெயர்ந்தனர். கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழுங்காலங்களிற் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றுவதுண்டு. ஊர் அழிந்து போய்விடவில்லை. ஆனால் வேண்டிய நாளில் எவரும் அதற்குட் செல்ல இயலாது. மீள மீள வாசிக்கப்பட்டு, ஒருகாலும் வினவப்படாத அறிவின் நிலையும் இதுவே. பக்கத்தைத் திறந்தால் ‘ஆம், இது தெரிந்ததே’ என்று மனம் சொல்லும். பக்கத்தை மூடினாலோ அதற்குப் போகும் பாதை இராது. இருப்பது வேறு, எடுக்க முடிவது வேறு. நோயாளிக்கு உதவுவது எடுக்க முடிந்ததே.

வாசிப்பின் அதிகாரத்துக்கு உடற்கூற்றியல் ஏற்கெனவே ஒருமுறை பெருவிலை கொடுத்திருக்கிறது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிற் பேராசிரியர் உயர்ந்த ஆசனத்திலமர்ந்து கேலனின் நூலை வாசிப்பார். கீழே நாவிதர் ஒருவர் உடலை அறுப்பார். மாணவர் தொலைவில் நின்று கேட்பர். கேலனோ பெரிதும் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்தே எழுதியவர். கீழ்த்தாடை இரண்டு என்புகளாலானது என்றும், மார்புப்பட்டை ஏழு துண்டுகளாலானது என்றும் அவர் எழுதியவை நூற்றாண்டுகளாக வாசிக்கப்பட்டன. கீழே கிடந்த உடலில் தாடை ஒன்றாகவே இருந்தபோதும் வாசிப்பு நிற்கவில்லை. 1543ஆம் ஆண்டில், இருபத்தெட்டு வயதினரான வெசாலியசு தம் பெருநூலை வெளியிட்டு அப்பிழைகளைச் சுட்டினார். அவர் செய்த புரட்சி யாது? ஆசனத்தை விட்டிறங்கித் தம் கையால் அறுத்தமையும், ‘நூல் கூறுவது இங்கே இருக்கின்றதா?’ என்று வினவியமையுமே. அன்று நூலை உடலின்முன் நிறுத்தி வினவினார் வெசாலியசு. இன்று மாணவன் தன் அறிவை நூலின்முன் நிறுத்தி வினவ வேண்டும். இரண்டும் ஒரே ஒழுக்கத்தின் இரு முகங்கள்.

இது வெறும் நல்லுரை அன்று. அளந்து காணப்பட்ட உண்மை. 1939ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிற்சர் என்பார் 3605 பாடசாலை மாணவரைக் கொண்டு ஆராய்ந்து, படித்தவுடன் வினவப்பட்டவர் வினவப்படாதவரிலும் பின்னர் மிகுதியாக நினைவுகூர்ந்தமையைக் காட்டினார். 2006ஆம் ஆண்டில் றோடிகர், காப்பிக் என்னும் இருவர் நிகழ்த்திய பரிசோதனை இன்னுந் தெளிவானது. ஒரு கூட்டத்தார் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். மறு கூட்டத்தார் ஒருமுறை படித்து, பின் தாளை மூடி நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடத்தின்பின் சோதித்தபோது இருமுறை படித்தவரே முந்தினர். 81 வீதத்துக்கு எதிராக 75 வீதம். ஒரு வாரத்தின்பின் நிலை தலைகீழாயிற்று. இருமுறை படித்தவரிடம் எஞ்சியது 42 வீதம். எழுதிப் பார்த்தவரிடம் 56 வீதம். நள்ளிரவில் வாசித்து விடியலிற் பரீட்சை எழுதும் மாணவன் தன் வழியே சிறந்ததென ஏன் நம்புகிறான் என்பது இதிலிருந்தே விளங்கும். அன்றைய தினத்துக்கு அது உதவிவிடுகிறது. வைத்தியசாலையில் நோயாளி வருவது அன்றைய தினத்தில் அன்று.

அவ்விருவரே 2008ஆம் ஆண்டில் 40 சுவாகிலிச் சொற்களைக் கற்பித்துச் செய்த ஆய்வு மற்றோர் உண்மையை வெளிப்படுத்திற்று. ஒரு சொல் ஒருமுறை சரியாக வந்தபின்னும் தம்மை வினவிக்கொண்டே இருந்தோர் ஒரு வாரத்தின்பின் ஏறத்தாழ 80 வீதத்தை நினைவுகூர்ந்தனர். வினவலை நிறுத்திக்கொண்டோரிடம் மூன்றிலொரு பங்கின் சற்று மேலான அளவே எஞ்சியது. ஆயின், எவ்வளவு நினைவிருக்கும் என்று முற்கூட்டிக் கேட்கப்பட்டபோது எல்லாக் கூட்டத்தாரும் ஏறத்தாழ ஒரே மதிப்பையே கூறினர். கற்பவனின் உள்ளுணர்வு அவனுக்குச் சான்றாகாது என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? ‘எனக்குத் தெரியும்’ என்ற உணர்வு அளவுகோல் அன்று. மூடிய நூலே அளவுகோல். மருத்துவப் பயிலுநரிடத்தும் இது பொய்க்கவில்லை. 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தொடர்வலிப்பும் தசைத்தளர்வு நோயும் பற்றிக் கற்ற இளம் மருத்துவருள், மீள மீள வினவப்பட்டோர் ஆறு மாதத்தின்பின் 39 வீதமும் மீள மீளப் படித்தோர் 26 வீதமும் பெற்றனர். 39 என்பதும் பெருமைக்குரியதன்று. ஆறு மாதம் வினவாது விட்டால் எவ்வளவு கரைகிறது என்பதற்கு அதுவே எச்சரிக்கையாகும்.

மேலைநாட்டார் எண்ணிக் காட்டிய இவ்வொழுங்கைத் தமிழிலக்கணகாரர் நன்கறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே மாணாக்கன் பாடங்கேட்கும் வரலாற்றைக் கூறுங்கால், ஆசிரியர் சொல்லக் கேட்பதோடு அமையவில்லை. கேட்டவற்றை மீள நினைத்தல், உடன்கற்போரோடு பயிலுதல், வினாவுதல், வினாவப்பட்டவற்றுக்கு விடை கூறுதல் என்பவற்றையும் கற்றலின் உறுப்புகளாகவே வைத்தார். வினாவும் விடையும் அவருக்குக் கல்வியின் முடிவில் நிகழும் தண்டனையல்ல, கல்வியேயாம். அம்மரபில் வந்தோர் இன்று மஞ்சள் மை பூசுவதைக் கல்வியெனக் கருதுவது வியப்புக்குரியது.

இதனை மறுப்போர் கூறும் நியாயங்கள் சில உள. முதலாவது, இது கிளிப்பிள்ளைப் பாடம் என்பது. உண்மை இதற்கு நேர்மாறானது. கிளி ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவும். இடையிற் புகுந்து கேட்டால் வாயடைக்கும். தன்னை வினவுபவனோ எப்பக்கத்தாலும் புகவல்லான். மேற்புய என்பின் நடுத்தண்டு முறிந்தால் எந்த நரம்புக்கு இடர்? ஆரை நரம்புக்கு, மணிக்கட்டு தொங்கிவிடும். இனி மறுபக்கத்தாற் புகுக. பாதத்தை உயர்த்த முடியாது இழுத்து நடக்கிறான் ஒருவன். முழங்காலின் வெளிப்புறத்திலே எவ்விடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்? கணைக்கால் வெளியென்பின் கழுத்தை. அங்கே நரம்பு தோலுக்கு மிக அண்மையாக என்பைச் சுற்றிச் செல்கிறது. இவ்வாறு காரணத்திலிருந்து விளைவுக்கும் விளைவிலிருந்து காரணத்துக்கும் போய்வருதலே விளக்கம் எனப்படுவது. விளக்கம் வேறு, வினா வேறு என்போர் இரண்டையும் அறியாதோர்.

இரண்டாவது, பிழையான விடை மனத்திற் பதிந்துவிடும் என்பது. விடையைச் சரிபாராது விட்டாற் பதியக்கூடும், உண்மையே. ஆதலினாலேயே வினாவுக்குப் பின் நூல் உடனே திறக்கப்பட வேண்டும். நூலின் இடம் வினாவுக்கு முன்னன்று, பின்னேயாம். பிழைத்த இடத்தைத் திருத்தும்போது ஏற்படும் சிறு நாணம், நான்கு முறை வாசித்தலிலும் ஆழமாகப் பதியும். மூன்றாவது, நேரமில்லை என்பது. பயனற்ற மூன்றாம் வாசிப்புக்கும் நான்காம் வாசிப்புக்கும் நேரமிருப்பவர் இதனைக் கூறுவது பொருந்தாது. நான்காவது, எல்லாவற்றையும் படித்து முடித்தபின் வினவலாம் என்பது. அறுநூறுக்கு மேற்பட்ட தசைகளையுடைய உடலில் ‘படித்து முடித்த’ நாள் என ஒன்று வருவதேயில்லை.

செய்முறைக்கு மேலைநாட்டுக் கருவி எதுவும் வேண்டா. வெறுந்தாளொன்றில் தோட்பட்டை என்பின் புறவரையை வரைந்து, எத்தசை எங்கே தொடங்குகிறதென நினைவாற் குறித்து, பின் நூலோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு தசைக்கும் ஐந்து வினாக்கள் போதும்: எங்கே தொடங்குகிறது, எங்கே செருகுகிறது, யாது செய்கிறது, எந்நரம்பு அதனை ஏவுகிறது, அது பழுதுற்றால் மனிதன் எதனை இழக்கிறான். ஐந்தாவது வினாவே மருத்துவனை உருவாக்குவது. தோள்மூட்டைச் சூழ்ந்து காக்கும் தசைகள் நான்கு. அவற்றுள் மேலேயுள்ளது தோளுச்சி என்பின் கீழே ஒடுங்கிய வழியாற் செல்கிறது. அது கிழிந்தால் கையைப் பக்கமாக உயர்த்தத் தொடங்குவது ஏன் கடினமாகிறது? இவ்வாறு தொடுத்த வினாவை அடுத்த நாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் மீளக் கேட்க வேண்டும். மறக்கத் தொடங்கும் வேளையில் வலிந்து நினைவுகூரப்பட்டதே நிலைக்கும்.

எல்லாவற்றிலும் சிறந்த கருவி மாணவனின் உடலே. விடுமுறைக்கு வீடு திரும்பி, லயன் அறையின் மூலையிலிருந்து படிப்பவனுக்கு உடற்கூற்று அறையும் இல்லை, என்புக்கூடும் இல்லை. ஆயினும் காறை என்பைத் தன் விரலால் தடவித் தோளுச்சி வரை செல்ல அவனால் முடியும். தலையை ஒருபக்கம் திருப்பினாற் கழுத்தின் எப்பக்கத்துத் தசை புடைக்கிறதென முதலிற் சொல்லிப் பின் தொட்டுப் பார்க்கலாம். புடைப்பது எதிர்ப்பக்கத்துத் தசை என்பது பலருக்கு வியப்பளிக்கும். விலையுயர்ந்த படநூலும் தனியார் வகுப்பும் வசதி படைத்தோர்க்கு வாய்ப்பன. தன்னை வினவும் உரிமையோ எவராலும் விலைகூற முடியாதது. தோட்டத்து மாணவனையும் நகரத்து மாணவனையும் ஒரே தளத்தில் நிறுத்தவல்ல கல்விமுறை இதுவேயாம்.

இங்கு மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டியுளது. உயர்தர வகுப்பு வரை தமிழிற் கற்ற மாணவன் மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்திற் கற்கிறான். அயற்சொல்லை அடையாளங் காண்பதே அவனுக்குப் பெருஞ்சாதனையாகத் தோன்றுகிறது. அச்சொல்லின் பின்னேயுள்ள பொருள் தனக்கு விளங்கியதா என்று கேட்க மறந்துவிடுகிறான். பெயரைக் கண்டுகொள்ளுதல் பொருளை அறிதலாகாது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். கிறேயின் பெருநூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ச்சொல் தேடியவர், அவ்வுறுப்பு யாது, எங்குளது, என்ன செய்கிறது என்று தம்மைக் கேளாமல் ஓரடியும் நகர்ந்திருக்க முடியாது. இன்றைய மாணவனும் அக்கடினமான சோதனையைத் தனக்குத் தான் வைத்துக்கொள்ளலாம். கற்ற தசையைத் தன் தாய்க்குத் தமிழில் விளக்கட்டும். அவள் தோளைத் தொட்டு, “இந்த இடத்தில்தான் அம்மா” என்று காட்டி, ஏன் நோகிறதென அவளுக்கு விளங்கச் சொல்ல முடியாதவன், ஆங்கிலப் பெயர்கள் அனைத்தையும் அறிந்திருந்தும் கற்றவனல்லன்.

குறை மாணவரிடம் மட்டுமன்று. தவணை முடிவில் ஒருமுறை கொடி குத்திய உறுப்புகளை வரிசையாக வைத்து, மணியொலிக்க மாணவரை நகர்த்தி, புள்ளியிட்டுக் கலைவதோடு வினாவின் வேலை முடிந்ததெனக் கருதும் ஆசிரியரும் இதற்குப் பொறுப்பாவர். வினாவை ஆண்டுக்குச் சில நாள் வரும் அச்சமாக ஆக்கியவர் அவர்களே. வாரந்தோறும், புள்ளியின்றி, விடையை உடனே கூறித் திருத்தும் சிறு வினாக்கள் எழுப்பப்படின், அச்சம் நீங்கிப் பயிற்சி பிறக்கும். மாணவர் நடத்தும் ‘குப்பி’ வகுப்புகளும் இவ்வாறே திருந்த வேண்டும். ஒருவர் சொல்ல ஐம்பதின்மர் எழுதும் குப்பியிற் பெரும்பயன் பெறுபவர் சொல்பவரே. ஏனெனில் அவர் ஒருவரே நினைவிலிருந்து எடுத்துரைக்கிறார். ஐம்பதின்மரும் மாறிமாறி வினவி விடைகூறும் குப்பியே குப்பி எனத் தகும். தம் உடலைக் கல்விக்கென ஈந்துசென்றோர் உடற்கூற்று மேசையிற் கிடப்பது, அவரைச் சுற்றி நின்று மாணவர் குறிப்பெழுதுவதற்காக அன்று. அவ்வீகைக்குச் செய்யும் கைம்மாறு, ஒவ்வொரு தசையையும் தொடுமுன் பெயரையும் செயலையும் தனக்குட் சொல்லிப் பார்த்தலேயாகும்.

கொழுந்து பறிக்கும் அப்பெண் மீண்டும் தெல்தெனிய வைத்தியசாலையின் வாங்கிலே காத்திருக்கிறாள். அவள் மருத்துவன் பெற்ற புள்ளிகளை அறியாள். அவன் எத்தனை முறை நூலை வாசித்தான் என்றும் கேளாள். தன் கையை மட்டுமே அவன்முன் நீட்டுவாள். அக்கை ஒரு வினா. அதற்கு விடை கூறவேண்டியவன், அதே வினாவைத் தன் கையை நோக்கி ஆயிரம் முறை கேட்டிருக்க வேண்டும். ஆதலின் மாணவர் நூலை மூடுவாராக, தம்மை வினவுவாராக, பிழைத்தபின் நூலைத் திறப்பாராக.